பதவியில்லாத் தூதர்

நுழையும்முன்

அரசர்களிடையே பகை மூளும்போது அதனைத் தணிக்கத் தூது செல்வது பழைமையான வழக்கம். அதியமானின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைச் சங்க இலக்கியத்தின் வழி அறிகிறோம். தூது செல்பவருக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கும். அதுவே அவருடைய சொல்லுக்கு வலிமை தரும். எந்த அரசும் அனுப்பாமல், எந்தப் பதவியும் வகிக்காமல், தாம் எழுதிய ஒரு நூலை மட்டும் துணையாகக் கொண்டு பல நாட்டு அரசுகளை ஓர் அவையில் அமரச் செய்தவர் ஹென்றி டுனாண்ட். செஞ்சிலுவை இயக்கத்தின் தோற்றத்திற்குக் காரணமான அவரது வாழ்வு வெற்றிகளால் மட்டும் அமைந்ததன்று. அதில் வீழ்ச்சியும் வறுமையும் நெடிய தனிமையும் உண்டு. அவ்வாழ்வை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

பிறப்பும் இளமையும்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் 1828ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ஹென்றி டுனாண்ட் பிறந்தார். தந்தை ஜீன் ஜாக் டுனாண்ட் வணிகர். ஆதரவற்ற சிறுவர்களின் நலனிலும் சிறையிலிருந்து விடுபட்டோரின் நலனிலும் அக்கறை கொண்டவர். தாய் அந்துவானெத் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் உதவி வந்தவர். சிறுவயதில் பெற்றோருடன் பிரான்சின் தூலோன் நகருக்குச் சென்ற டுனாண்ட், அங்கே சங்கிலியால் பிணிக்கப்பட்டுக் கடும் உழைப்பில் ஈடுபடுத்தப்பட்ட கைதிகளைக் கண்டார். அக்காட்சி அவருடைய நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது.

படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. மதிப்பெண் குறைந்ததால் கல்வியை இடையில் நிறுத்திவிட்டு, நாணயமாற்று நிறுவனம் ஒன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். ஆயினும் ஒத்த கருத்துடைய இளைஞர்களை ஒன்றுகூட்டும் திறன் அவரிடம் இயல்பாகவே இருந்தது. வியாழக்கிழமைகளில் கூடிய இளைஞர் குழு ஒன்றுடன் சேர்ந்து ஏழைகளுக்கு உதவினார். 1852ஆம் ஆண்டு ஜெனீவாவில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிளையைத் தோற்றுவித்தார். வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே இயங்கிவந்த அத்தகைய சங்கங்களைக் கடிதங்கள் மூலம் இணைக்க முயன்றார். அச்சங்கங்களை உலக அளவில் இணைத்த 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கூட்டத்திலும் பங்கேற்றார். பிற்காலத்தில் அவர் ஆற்றிய பெரும்பணிக்கு இவ்வனுபவமே அடித்தளமாயிற்று.

வணிகப் பயணம்

தாம் பணியாற்றிய நிறுவனத்தின் பொருட்டு 1853ஆம் ஆண்டு டுனாண்ட் வட ஆப்பிரிக்காவிற்குச் சென்றார். அல்ஜீரியா அப்போது பிரான்சின் ஆளுகையில் இருந்தது. அங்கே நிலம் பெற்று, வேளாண்மை செய்து, மாவு ஆலை நடத்திப் பொருளீட்ட எண்ணி, 1856ஆம் ஆண்டு சொந்தமாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெனீவாவைச் சேர்ந்த உறவினர்களும் நண்பர்களும் அவரை நம்பி அதில் முதலீடு செய்தனர். ஆனால் ஆலையை இயக்கத் தேவையான நீரைப் பயன்படுத்தும் உரிமையில் சிக்கல் எழுந்தது. குடியேற்ற நாட்டு அதிகாரிகள் அவருடைய விண்ணப்பங்களுக்கு உரிய விடை அளிக்கவில்லை.

பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடமே நேரில் முறையிடுவது என டுனாண்ட் முடிவு செய்தார். பேரரசரோ அப்போது படையுடன் வட இத்தாலியில் இருந்தார். இத்தாலிய நிலப்பகுதிகளை ஆஸ்திரியாவின் பிடியிலிருந்து விடுவிக்க, சார்டினியா அரசுடன் சேர்ந்து பிரான்சு போரிட்டுக்கொண்டிருந்தது. பேரரசரைப் புகழ்ந்து தாம் எழுதிய நூல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு டுனாண்ட் இத்தாலிக்குப் புறப்பட்டார். வெள்ளை உடை அணிந்த அந்த வணிகர் போர்க்களத்தை நாடிச் சென்றது தம் தொழிலுக்காகவே அன்றித் தொண்டுக்காக அன்று. இவ்வுண்மையை மறைக்கத் தேவையில்லை. அங்கே கண்ட காட்சிதான் அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது.

சொல்ஃபெரினோ

1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் சொல்ஃபெரினோ என்னும் சிற்றூரைச் சுற்றிப் பெரும்போர் நிகழ்ந்தது. இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ மூன்று இலட்சம் வீரர்கள் மோதினர். ஒரே நாளில் மாண்டோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ 40,000 பேர். அன்று மாலை டுனாண்ட் அருகிலிருந்த காஸ்திலியோனே என்னும் ஊரை அடைந்தார். அடுத்தடுத்த நாள்களில் காயமுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் அவ்வூருக்கு வந்துசேர்ந்தனர். தேவாலயங்களும் வீடுகளும் வீதிகளும் அவர்களால் நிறைந்தன.

படையுடன் வந்திருந்த மருத்துவர்கள் மிகச் சிலரே. உணவும் நீரும் ஊரில் இருந்தன, கட்டுத்துணியும் கிடைத்தது. எனினும் அவற்றைத் தேவைப்படுவோரிடம் கொண்டுசேர்க்கக் கைகள் இல்லை. எனவே நீர் அருகிலிருந்தும் தாகத்தால் சிலர் மாண்டனர். கட்டுப்போட ஆளின்றிக் குருதி வடிந்து சிலர் மாண்டனர். இதைக் கண்ட டுனாண்ட் ஊர்ப்பெண்களைத் திரட்டினார். சிறுவர்களைக் கொண்டு நீர் சுமக்கச் செய்தார். தம் வண்டியோட்டியை அருகிலிருந்த பிரெசியா நகருக்கு அனுப்பி எலுமிச்சை, சருக்கரை, சட்டைகள், கட்டுத்துணிகள் முதலியவற்றை வாங்கிவரச் செய்தார். தாமும் பெரிய தேவாலயத்தில் தங்கிக் காயங்களைக் கழுவினார். இறக்கும் தறுவாயில் இருந்தோர் தம் குடும்பத்திற்குச் சொல்ல விரும்பிய செய்திகளைக் குறித்துக்கொண்டார். வெள்ளை உடையில் திரிந்த அவர் யாரென அறியாத வீரர்கள், உடையின் நிறத்தைக் கொண்டே அவரை அடையாளம் கண்டனர்.

அவ்வூர்ப் பெண்கள் காயமுற்றோரிடம் நாட்டு வேறுபாடு பார்க்கவில்லை. தம் பக்கத்துப் பிரெஞ்சு வீரர்களுக்குக் காட்டிய அதே பரிவை எதிர்ப்படையைச் சார்ந்த ஆஸ்திரிய வீரர்களுக்கும் காட்டினர். அனைவரும் உடன்பிறந்தோரே என்று அவர்கள் தம் மொழியில் கூறிக்கொண்டனர். எழுத்தறிவு இல்லாதோரும் அவர்களிடையே இருந்திருக்கலாம். ஆயினும் பின்னாளில் பன்னாட்டுச் சட்டமாக வடிவம் பெற்ற கொள்கையை அவர்கள் நடைமுறையில் காட்டினர்.

பிரெஞ்சுப் படையிடம் சிறைப்பட்டிருந்த ஆஸ்திரிய மருத்துவர்களை விடுவித்து, காயமுற்றோருக்கு மருத்துவம் செய்ய அனுமதிக்குமாறு டுனாண்ட் வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டது. காயங்களுக்கு மருத்துவம் செய்பவர் எதிரி அல்லர் என்னும் கருத்து அவருடைய உள்ளத்தில் வேரூன்றியது இங்கேதான். அவர் தேடிவந்த நீருரிமையோ கிடைக்கவில்லை.

நினைவு நூலாகிறது

ஊர் திரும்பிய டுனாண்டால் சொல்ஃபெரினோவை மறக்க இயலவில்லை. தாம் கண்டவற்றை எழுதி, 1862ஆம் ஆண்டு 'சொல்ஃபெரினோ நினைவு' என்னும் பொருள்படும் தலைப்பில் தம் சொந்தச் செலவில் நூலாக வெளியிட்டார். முதலில் அச்சிட்ட படிகள் 1,600. அவற்றை அவர் விற்க முனையவில்லை. ஐரோப்பிய அரசர்கள், அமைச்சர்கள், படைத்தலைவர்கள், எழுத்தாளர்கள், அறப்பணி செய்வோர் ஆகியோருக்கு அனுப்பிவைத்தார்.

நூலின் முதற்பகுதி போரை விவரிக்கிறது. அடுத்த பகுதி போருக்குப் பின் மருத்துவமின்றித் தவித்தோரின் நிலையைக் கூறுகிறது. இவ்வளவில் நின்றிருந்தால் அது படிப்போரைக் கண்கலங்கச் செய்து மறைந்துபோன நூல்களுள் ஒன்றாகியிருக்கும். இறுதியில் அவர் இரண்டு கேள்விகளை எழுப்பினார். அமைதிக் காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தன்னார்வலர்களைக் கொண்ட சங்கங்களை அமைத்து, பயிற்சி அளித்து, போர் மூளும்போது காயமுற்றோருக்கு உதவச் செய்ய இயலாதா என்பது முதற்கேள்வி. அச்சங்கங்களின் பணிக்கு அடிப்படையாக நாடுகள் ஒன்றுகூடி ஒரு பன்னாட்டுக் கொள்கையை உடன்பாட்டின் மூலம் ஏற்க இயலாதா என்பது இரண்டாம் கேள்வி.

போரையே ஒழியுங்கள் என்று கேட்டிருந்தால் அரசுகள் அவரைக் கனவு காண்பவர் என ஒதுக்கியிருக்கும். பகைநாடுகள்கூட மறுக்கத் தயங்கும் சிறிய, தெளிவான ஒன்றையே அவர் கேட்டார். முதற்கேள்வியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கங்களும் இரண்டாவதிலிருந்து ஜெனீவா உடன்பாடும் பிறந்தன.

எல்லாரும் அவருடைய கருத்தை வரவேற்றனர் எனக் கூற இயலாது. கிரிமியப் போரில் செவிலியர் பணியாற்றிப் புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் மாற்றுக் கருத்தைக் கொண்டிருந்தார். வீரர்களைக் காப்பது அவர்களைப் போருக்கு அனுப்பிய அரசின் கடமை. அதனைத் தன்னார்வலர்கள் ஏற்றுக்கொண்டால் அரசுகள் தம் பொறுப்பிலிருந்து எளிதில் நழுவிவிடும் என்பது அவரது அச்சம். டுனாண்ட் அவர்மீது பெருமதிப்புக் கொண்டிருந்தார். அரசு செய்ய வேண்டியதைத் தொண்டு அமைப்புகள் செய்யலாமா என்னும் அவ்வினா இன்றும் தொண்டு அமைப்புகளின் முன் நிற்கிறது.

ஐவர் குழு

நூலைப் படித்தோருள் ஒருவர் ஜெனீவாவின் வழக்கறிஞர் குஸ்தாவ் மொய்னியர். அந்நகரின் பொதுநலச் சங்கத் தலைவராக இருந்த அவர், 1863ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சங்கக் கூட்டத்தில் டுனாண்டின் கருத்துகளை ஆய்வுக்கு வைத்தார். அவற்றைச் செயற்படுத்தும் வழிகளை ஆராய ஐவர் கொண்ட குழு அமைந்தது. டுனாண்ட், மொய்னியர், படைத்தலைவர் துஃபூர், மருத்துவர்கள் லூயி ஆப்பியா, தியோடர் மோனுவார் ஆகியோரே அவ்வைவர். பிப்ரவரி 17ஆம் நாள் குழு முதன்முறையாகக் கூடியது. அந்நாளே பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு தோன்றிய நாளாகக் கருதப்படுகிறது. துஃபூர் தலைவரானார், டுனாண்ட் செயலாளரானார்.

அவர்களுள் எவரும் எந்த அரசின் சார்பிலும் அமரவில்லை. ஆயினும் ஒவ்வொருவரிடமும் குழுவுக்குத் தேவையான ஒன்று இருந்தது. துஃபூர், சுவிட்சர்லாந்தின் 1847ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்புக் காயமுற்றோரையும் காக்க ஆணையிட்டவர். ஆப்பியா 1859ஆம் ஆண்டு இத்தாலியப் போரில் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்தவர். மொய்னியர் சட்ட அறிவும் ஒழுங்கும் உடையவர். டுனாண்டிடம் இருந்தது தயங்காமல் எவரையும் அணுகிக் கேட்கும் துணிவு.

இயல்பு வேறுபட்ட மொய்னியருக்கும் டுனாண்டுக்கும் இடையே விரைவில் கருத்து வேறுபாடு எழுந்தது. காயமுற்றோரையும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் போரில் நடுநிலையாளராக அரசுகள் ஏற்க வேண்டும் என்றார் டுனாண்ட். அவ்வளவு பெரிய கோரிக்கையை அரசுகள் ஏற்கா எனக் கருதிய மொய்னியர் அதனை வலியுறுத்த விரும்பவில்லை. 1863ஆம் ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் ஒரு பன்னாட்டு மாநாடு நடைபெற்றது. அங்குச் சென்ற டுனாண்ட், தம் நூலை டச்சு மொழியில் பெயர்த்த படைமருத்துவர் பாஸ்டிங்கின் துணையுடன், நடுநிலைக் கோரிக்கையையும் சேர்த்து ஒரு சுற்றறிக்கையைத் தம் பொறுப்பிலேயே அச்சிட்டு வழங்கினார். பின்னர்ச் சில அரசவைகளுக்கும் சென்று ஆதரவு திரட்டினார். குழுவைக் கேளாமல் அவர் இதைச் செய்தது மொய்னியருக்கு உவப்பாக இல்லை. எனினும் எதிர்பார்த்ததற்கு மாறாக, அக்கோரிக்கை பலரால் வரவேற்கப்பட்டது.

ஓர் உடன்பாடு பிறக்கிறது

1863ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் 29 வரை, குழுவின் அழைப்பை ஏற்று, பல நாடுகளைச் சேர்ந்த 36 பேர் ஜெனீவாவில் கூடினர். ஒவ்வொரு நாட்டிலும் தொண்டுச் சங்கம் அமைப்பது என்றும், தன்னார்வலர் அனைவரும் வெண்பட்டையில் செஞ்சிலுவை பொறித்த ஒரே அடையாளத்தைக் கையில் அணிவது என்றும் முடிவு செய்தனர். நடுநிலை பற்றிய டுனாண்டின் கோரிக்கையும் பரிந்துரையாக இடம்பெற்றது.

அடுத்த ஆண்டிலேயே இதற்குச் சோதனை வந்தது. பிரஷியாவும் ஆஸ்திரியாவும் டென்மார்க்குடன் போரிட்டன. குழு தன் சார்பாளர்களாக ஆப்பியாவை ஒரு பக்கத்திற்கும், டச்சுப் படை அலுவலர் வான் டி வெல்டேவை மறுபக்கத்திற்கும் அனுப்பியது. ஒரு நகரத்தின் தனிமனிதர்கள் சிலர், போரிடும் இரு தரப்பிடமும் ஒரே நேரத்தில் ஆள் அனுப்பிப் பேசினர்.

1864ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுவிட்சர்லாந்து அரசின் அழைப்பின் பேரில் ஜெனீவாவின் நகர மன்றக் கட்டடத்தில் 16 நாடுகளின் சார்பாளர்கள் கூடினர். ஆகஸ்ட் 22ஆம் நாள் 12 நாடுகள் கையொப்பமிட்டன. பத்தே பிரிவுகளைக் கொண்ட அவ்வுடன்பாடு முதல் ஜெனீவா உடன்பாடு எனப்படுகிறது. காயமுற்ற வீரர் எந்நாட்டினர் ஆயினும் அவரை எடுத்துவந்து காக்க வேண்டும். மருத்துவமனைகளும் மருத்துவப் பணியாளர்களும் நடுநிலையாகக் கருதப்பட வேண்டும். காயமுற்றோருக்கு உதவும் ஊர்மக்கள் துன்புறுத்தப்படக் கூடாது என அது கூறியது. காஸ்திலியோனே பெண்கள் செய்த பணி இவ்வாறு சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. அவ்வாண்டில் தம்முள் போரிட்ட பிரஷியா, டென்மார்க் ஆகிய இரு நாடுகளுமே கையொப்பமிட்டோருள் இருந்தன. தொடக்கத்தில் விலகி நின்ற ஆஸ்திரியா 1866ஆம் ஆண்டிலும், அமெரிக்கா 1882ஆம் ஆண்டிலும் இதனை ஏற்றன.

இம்மாநாட்டில் டுனாண்ட் எந்த நாட்டின் சார்பாளரும் அல்லர். கையொப்பமிடும் இடத்தில் அவருக்கு இருக்கை இல்லை. வந்திருந்த விருந்தினர்களுக்கு வேண்டியன செய்யும் பொறுப்பே அவருக்கு வாய்த்தது.

தெரிந்து தெளிவோம்

செஞ்சிலுவை அடையாளம் சுவிட்சர்லாந்து நாட்டுக் கொடியின் நிறங்களை இடம் மாற்றி அமைத்தது. உதுமானியப் பேரரசு 1876ஆம் ஆண்டு முதல் செம்பிறை அடையாளத்தைப் பயன்படுத்தியது. 1929ஆம் ஆண்டு உடன்பாட்டில் அதுவும் ஏற்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு செம்படிகம் என்னும் மூன்றாம் அடையாளம் ஏற்கப்பட்டது. இவை போர்க்களத்தில் உயிர்காக்கும் குறியீடுகள். இவற்றை உரிமையின்றிப் பயன்படுத்துவதை இந்தியாவில் 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாடுகள் சட்டம் தடை செய்கிறது. மருந்துக்கடைப் பலகைகளிலும் தனியார் ஊர்திகளிலும் செஞ்சிலுவையை வரைவது இச்சட்டத்திற்குப் புறம்பானது.

வீழ்ச்சி

மன்னர்களின் அவைகளில் டுனாண்ட் வரவேற்கப்பட்ட அதே காலத்தில் அவருடைய அல்ஜீரியத் தொழில் சரிந்துகொண்டிருந்தது. தொண்டில் ஆழ்ந்த அவர் தொழிலைக் கவனிக்கத் தவறினார். 1867ஆம் ஆண்டு அவர் தொடர்பு கொண்டிருந்த ஜெனீவா வங்கியும் வீழ்ந்தது. டுனாண்டின் கடன் ஏறத்தாழப் பத்து இலட்சம் பிராங்கு என ஆயிற்று. அவரை நம்பிப் பணம் கொடுத்த உறவினரும் நண்பரும் இழப்புக்கு உள்ளாயினர். 1868ஆம் ஆண்டு ஜெனீவா வணிக நீதிமன்றம், அவர் உடன் பணியாற்றியோரை ஏமாற்றினார் எனத் தீர்ப்பளித்தது.

நிதி நேர்மையைத் தலையாய அறமாகப் போற்றிய நகரம் ஜெனீவா. அங்கே நொடித்துப்போனவருக்குப் பொதுவாழ்வில் இடமில்லை. டுனாண்ட் செயலாளர் பதவியையும் குழு உறுப்பினர் இடத்தையும் இழந்தார். தாம் தோற்றுவித்த இளைஞர் சங்கத்திலும் அவருக்கு இடமில்லாமற்போயிற்று. 1867ஆம் ஆண்டு ஜெனீவாவை விட்டு வெளியேறிய அவர், அதன்பின் வாழ்நாள் முழுவதும் அந்நகருக்குத் திரும்பவே இல்லை. அடுத்த ஆண்டு தாயும் மறைந்தார்.

இவ்விடத்தில் நாம் ஒருதலையாகத் தீர்ப்புக் கூறுவது எளிது, ஆனால் சரியன்று. மற்றவர் பணத்தை இழக்கச் செய்தவர் ஒரு பொது அமைப்பின் செயலாளராகத் தொடர்ந்தால், அவ்வமைப்பின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கை குலையும் என மொய்னியர் அஞ்சியதில் நியாயம் உண்டு. 1864ஆம் ஆண்டு முதல் தம் இறப்பு வரை குழுவின் தலைவராக இருந்து, செஞ்சிலுவையை நிலையான அமைப்பாக வளர்த்தவர் அவரே. அதே வேளையில், அமைப்பைக் காப்பதற்காக அதன் மூலவரை வரலாற்றிலிருந்தே மறையச் செய்தது அறமாகுமா என்னும் வினாவும் எழுகிறது.

ஓயாத எண்ணம்

பாரிசில் டுனாண்ட் கொடிய வறுமையில் வாழ்ந்தார். தங்க இடமின்றித் தொடர்வண்டி நிலையங்களில் இரவைக் கழித்ததுண்டு. நைந்த மேலாடையின் வெளிறிய இடங்களை மையால் கருமையாக்கியும், சட்டைக் கழுத்துப்பட்டையைச் சுண்ணக்கட்டியால் வெண்மையாக்கியும் அணிந்தார்.

அந்நிலையிலும் அவர் ஓயவில்லை. 1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டபோது பாரிசில் துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டார். போருக்குப்பின், நாடுகளுக்கிடையே எழும் பூசல்களைத் தீர்க்கப் பன்னாட்டு நீதிமன்றம் வேண்டும் என்றார். படைக்கலக் குறைப்புப் பற்றி நாடுகள் பேச வேண்டும் என்றார். அடிமை வணிகத்தை எதிர்த்தார். போர்க்கைதிகளின் நலனுக்காகவும் உடன்பாடு வேண்டும் என வலியுறுத்தினார். 1874ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகரில் கூடிய மாநாடு போர்க்கைதிகளைப் பற்றியும் ஆராய்ந்தது. ஆயினும் அதன் முடிவுகளை நாடுகள் சட்டமாக ஏற்கவில்லை. போர்க்கைதிகளுக்கெனத் தனி ஜெனீவா உடன்பாடு 1929ஆம் ஆண்டிலேயே உருவானது. அவர் கேட்டவற்றுள் பல அவருக்குப் பின்னரே நிறைவேறின.

ஹைடன் மருத்துவமனையில்

ஊர் ஊராக அலைந்த டுனாண்ட், 1887ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் கிழக்கே கான்ஸ்டன்ஸ் ஏரியை நோக்கி அமைந்த ஹைடன் என்னும் சிற்றூரை அடைந்தார். உடல்நலம் குன்றிய நிலையில் 1892ஆம் ஆண்டு அவ்வூர் மருத்துவமனையில் சேர்ந்தார். மருத்துவர் ஆல்ட்ஹெர் அவரைப் பரிவுடன் பேணினார். வாழ்வின் இறுதிப் பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. உலகின் பல நாடுகளில் செஞ்சிலுவைக் கொடி பறந்தது. அதன் மூலவர் உயிரோடு இருப்பதையே பலர் அறியவில்லை.

1895ஆம் ஆண்டு ஜார்ஜ் பாம்பெர்கர் என்னும் இதழாசிரியர் அவரைச் சந்தித்து எழுதிய கட்டுரை ஐரோப்பா முழுவதும் பரவியது. மறக்கப்பட்டவரை உலகம் மீண்டும் நினைத்தது. அமைதிக்காக உழைத்த ஆஸ்திரிய எழுத்தாளர் பெர்தா ஃபான் சுட்னர் அவருக்கு ஆதரவாக நின்றார்.

1901ஆம் ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட அமைதிக்கான நோபல் பரிசு, ஹென்றி டுனாண்டுக்கும் பிரான்சின் பிரெடரிக் பாசிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இப்பரிசை ஒட்டியும் விவாதம் எழுந்தது. போரை ஒழிக்கப் பாடுபடுபவருக்கே இப்பரிசு உரியது. போரின் துன்பத்தைக் குறைப்பது போரைத் தாங்கிக்கொள்ளத்தக்கதாக ஆக்கிவிடும் எனச் சிலர் வாதிட்டனர். அமைதி இயக்கத்தை வளர்த்த பாசியும் காயமுற்றோரைக் காத்த டுனாண்டும் இணைந்து பரிசு பெற்றது, இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதைக் காட்டியது.

பரிசுப்பணம் பழைய கடன்காரர்களின் கைக்குப் போய்விடாதவாறு நார்வே நாட்டுப் படைமருத்துவர் ஹான்ஸ் டே அங்குள்ள வங்கியில் அதனைப் பாதுகாத்துவைத்தார். டுனாண்ட் அப்பணத்தைத் தமக்கெனச் செலவிடவில்லை. மருத்துவமனையின் எளிய அறையிலேயே தொடர்ந்து வாழ்ந்தார். ஹைடன் மருத்துவமனையில் ஏழைகளுக்கென ஒரு படுக்கை எப்போதும் கட்டணமின்றி இருக்க வேண்டும் எனத் தம் இறுதி விருப்பத்தில் பொருள் ஒதுக்கினார்.

1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மொய்னியர் மறைந்தார். இரண்டு திங்களுக்குப் பின், அக்டோபர் 30ஆம் நாள், டுனாண்டும் மறைந்தார். ஒரே பணியைத் தோள்கொடுத்துத் தொடங்கிய இருவரும் இறுதிவரை ஒப்புரவாகவே இல்லை. பகை நாடுகளை இணைத்த அவர்களால் தம்முள் இணைய இயலாமற்போனது வரலாற்றின் துயரங்களுள் ஒன்று. டுனாண்டின் விருப்பப்படி எவ்விதச் சடங்கும் இன்றிச் சூரிச் நகரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அரசுகளுக்கு அப்பால்

டுனாண்ட் மறைந்த நான்கே ஆண்டுகளில் முதல் உலகப்போர் மூண்டது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு ஜெனீவாவில் போர்க்கைதிகளுக்கான நடுவத்தை அமைத்தது. போரிடும் நாடுகள் தம்முள் பேசாத நிலையிலும், கைதிகளின் பட்டியல்களை அந்நடுவத்திற்கு அனுப்பின. காணாமற்போனோரைத் தேடிய குடும்பங்களுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த அட்டைகள் ஏறத்தாழ 70 இலட்சம். தம் மகன் உயிருடன் இருக்கிறானா என அறியத் துடித்த பெற்றோருக்கு அவ்வட்டைகளே விடை தந்தன. இரு தரப்பும் நம்பும் மூன்றாவது ஒருவர் இருந்தால்தான் இப்பணி நடைபெறும். அந்த நம்பிக்கையே அரசுசாரா அமைப்பின் செல்வம். அதனிடம் படையும் இல்லை, ஆணையிடும் அதிகாரமும் இல்லை.

இந்தியாவில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் அமைந்தது. இன்று 190க்கும் மேற்பட்ட நாடுகளில் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் இயங்குகின்றன. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாடுகளை உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுள்ளன. ஏற்ற நாடுகளே அவற்றை மீறுவதையும் நாம் காண்கிறோம். ஆயினும் மீறல் எனச் சுட்டிக்காட்ட ஒரு விதி வேண்டும். அவ்விதியைக் கேட்டுப் பெறும்வரை ஓயாத ஒருவர் வேண்டும். டுனாண்ட் பிறந்த மே 8ஆம் நாள் உலகச் செஞ்சிலுவை, செம்பிறை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் பள்ளிகளில் இயங்கும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் அவர் எழுப்பிய முதற்கேள்வியின் தொடர்ச்சியே ஆகும். முதலுதவி செய்யக் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும், அமைதிக் காலத்திலேயே பயிற்சி பெற்ற கைகள் வேண்டும் என்று அவர் கேட்டதற்கு விடை அளிக்கின்றனர்.

கற்பவை கற்றபின்...

1. போருக்குமுன் நோயுற்றோர் முதலியோரைப் பாதுகாப்பான இடம் செல்லுமாறு அறிவிக்கும் மரபை நெட்டிமையாரின் புறநானூற்றுப் பாடல் காட்டுகிறது. அம்மரபையும் ஜெனீவா உடன்பாட்டையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. அரசின் கடமையைத் தன்னார்வலர்கள் ஏற்பது சரியா? நைட்டிங்கேலின் கருத்தையும் டுனாண்டின் கருத்தையும் முன்வைத்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. நூலின் இறுதியில் டுனாண்ட் எழுப்பிய இரு கேள்விகள் யாவை? அவை பெற்ற செயல்வடிவங்களை விளக்குக.

4. டுனாண்டைக் குழுவிலிருந்து விலக்கியது குறித்து உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.